தொலைமுனையத்தின் வழியே கோப்பு ஏற்றுதல்: தடைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

தூரத்திலுள்ள ஒரு கணிப்பொறியை, அதன் முன்னால் அமர்ந்திருப்பது போலவே தட்டச்சுப் பலகையின் மூலம் இயக்குவதற்குத் தொலைமுனைய இணைப்பு என்று பெயர். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு தொடங்கியபோது, அதன் முதல் உபயோகங்களுள் ஒன்றாக இது இருந்தது. இதற்கென வகுக்கப்பட்ட டெல்நெட் நெறிமுறை 1983-இல் நிலைபெற்ற வடிவத்தை அடைந்தது. இந்தியாவில் 1986-இல் தொடங்கப்பட்ட எர்நெட் திட்டத்தில் பங்கு கொண்ட கல்வி நிலையங்களிலும், 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்ட பிறகு மாணவர்கள் பலருடைய வீடுகளிலும், எழுத்து மட்டுமே தோன்றும் முனையமே இணையத்தின் முதல் வாயிலாக அமைந்தது.

இவ்வாறு இணைந்தவருக்கு விரைவிலேயே ஒரு கஷ்டம் எதிர்ப்படும். அவர் இயக்கும் பெரிய கணிப்பொறி வேறோர் ஊரில் இருக்கிறது. அவர் தயாரித்த ஆராய்ச்சி அளவுகளோ தம் மேஜைமீதுள்ள சிறு கணிப்பொறியில் இருக்கின்றன. முன்னதற்குப் பின்னது ஒரு கணிப்பொறி என்பதே தெரியாது. யாரோ ஒருவர் விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்றே அது கருதுகிறது. ஆகவே, கோப்பு முழுவதையும் தட்டச்சு செல்லும் அதே பாதையில்தான் அனுப்ப வேண்டும். தொலைபேசிக் கட்டணமும் இணையக் கட்டணமும் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்பட்ட அந்நாட்களில், அரைமணி நேரம் ஓடியபின் அறுந்துபோகும் ஏற்றம் பொருள்நஷ்டமே. எனினும் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ‘முடிந்தது’ என்று திரையில் தோன்றி, உள்ளே சில எண்கள் மாறியிருக்கும் கோப்பு எவர் கண்ணிலும் படாமல் கணக்கீட்டுக்குள் நுழைந்துவிடும்.

பாதையின் இயல்பு

முனையப் பாதை மனிதரின் கைக்காக அமைக்கப்பட்டது. இந்த ஒன்றை மனத்திற்கொண்டால் ஏறக்குறைய எல்லாத் தடைகளும் விளங்கிவிடும். 1963-இல் வெளியான ஆஸ்கி குறியீட்டில் 7 பிட்டுகளும் அவற்றால் 128 குறிகளும் மட்டுமே உள்ளன. அவற்றுள் முதல் 32 குறிகள் எழுத்துக்கள் அல்ல. யந்திரத்துக்கு இடும் ஆணைகள். டெலிடைப் என்னும் தொலைத்தட்டச்சு யந்திரத்தில் 17-ஆம் குறி காகித நாடாவைப் படிக்கும் உறுப்பை இயக்கும். 19-ஆம் குறி அதை நிறுத்தும். காகித நாடா மறைந்த பின்னரும் இவ்விரு குறிகளும் ‘அனுப்பு’, ‘நிறுத்து’ என்ற பொருளிலேயே கம்பிகளில் நிலைத்துவிட்டன. இன்றும் முனையத்தில் தவறுதலாகக் கண்ட்ரோல்-எஸ் விசையை அழுத்தியவர், திரை உறைந்துவிட்டதாக எண்ணித் திகைப்பதற்கு அந்த நாடா உறுப்பே காரணம்.

கோப்பு என்பதோ 0 முதல் 255 வரை எந்த மதிப்பும் வரக்கூடிய பைட்டுகளின் வரிசை. அது செல்லும் வழியில் மோடம், முனையச் சேவைப் பொறி, டெல்நெட் நிரல், பெரிய கணிப்பொறியின் முனைய இயக்கி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சுங்கச்சாவடி போல் அமர்ந்து, ‘இன்ன குறி என்னுடையது’ என்று சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. டெல்நெட்டுக்கு 255-ஆம் பைட் ஆணையின் தொடக்கம்; உண்மையாகவே 255-ஐ அனுப்ப வேண்டுமானால் அதை இரட்டித்து அனுப்புவதே விதி. டெல்நெட்டை விட்டு வெளியே வருவதற்கு 29-ஆம் குறி. எக்ஸ்.25 வகைப் பொட்டல வலைகளில் 16-ஆம் குறி. ஆர்லாகின் என்ற இணைப்பில் ஒரு வரியின் தொடக்கத்தில் அலைக்குறியும் புள்ளியும் சேர்ந்து வந்தால் தொடர்பே அறுந்துவிடும். கோப்பின் நடுவில் அவை தற்செயலாக அவ்வாறு அமைந்திருந்தாலும் சரியே.

இறக்குவதைவிட ஏற்றுவது கடினமாக இருப்பதற்கும் இதுவே மூலம். மனிதர் மெதுவாகத் தட்டுவார், யந்திரம் விரைவாக அச்சிடும் என்ற அனுமானத்தில், முனைய இயக்கிகள் வெளிச்செல்லும் எழுத்துக்களுக்குத் தாராளமாகவும் உள்வரும் எழுத்துக்களுக்குச் சிக்கனமாகவும் இடம் ஒதுக்கின. யூனிக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் உள்வரும் வரிசைக்கு 256 எழுத்து அளவுக்கே இடமிருந்தது. அது நிரம்பிய பிறகு வருபவை எவ்வித எச்சரிக்கையுமின்றி எறியப்படும்.

நின்ற இடமே நோயைச் சொல்லும்

சிகாகோவைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் என்னும் முறை மிக எளியது. ஆகையால் பாதையைப் பரிசோதிப்பதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை எனலாம். பெறுவோர் 21 என்ற குறியை அனுப்பித் தொடங்கிவைக்க, அனுப்புவோர் கோப்பை 128 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரித்து அனுப்புவார். ஒவ்வொரு கட்டமும் 1 என்ற குறியுடன் தொடங்கும். அடுத்து அக்கட்டத்தின் எண். அதற்கடுத்து 255-இலிருந்து அவ்வெண்ணைக் கழித்த மீதி. பின் 128 பைட் செய்தி. இறுதியில் செய்தி பைட்டுகளின் கூட்டுத்தொகையை 256-ஆல் வகுத்த மீதி. ஆக மொத்தம் 132 பைட். சரியாக வந்தால் 6 என்றும், பிழையானால் 21 என்றும் பதில் வரும். பிழையான கட்டம் மீண்டும் அனுப்பப்படும். ஏறக்குறைய பத்து முறை தோற்றால் முயற்சி கைவிடப்படும்.

இங்கே கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. கட்டத்தின் எண் மறைப்பு ஏதுமின்றி அப்படியே கம்பியில் செல்கிறது. எனவே கோப்பில் ஆபத்தான குறி ஒன்றும் இல்லாவிட்டாலும், கட்ட எண்ணே அந்தக் குறியாக மாறும் தருணம் வந்தே தீரும். இதைப் பயன்படுத்தி ஒரு சோதனைக் கோப்பைத் தயாரிக்கலாம். 65 என்ற ஒரே எழுத்தை, வரிமுறிவு இல்லாமல், 38,400 முறை எழுதி வைத்தால் 300 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்தின் கூட்டுத்தொகை 8,320. 256-ஆல் வகுக்க மீதி 128. செய்தியும் மீதியும் மாறாதிருக்க, கட்ட எண்ணும் அதன் நிரப்பெண்ணும் மட்டுமே மாறுகின்றன. இதைப் பழைய கூட்டுத்தொகை முறையிலேயே ஏற்ற வேண்டும்.

முதற்கட்டமே ஏற்கப்படவில்லை என்றால், எட்டாவது பிட் வழியில் உரியப்படுகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். முதற்கட்டத்தின் நிரப்பெண் 254. 7 பிட்டும் பாரிட்டியும் கொண்ட இணைப்பில் அது 126 ஆகிவிடும். இணைப்பை 8 பிட், பாரிட்டி இன்மை என்று மாற்றுவதும், டெல்நெட்டில் இருமநிலையைக் கோருவதும் பரிகாரம். ஒரே முனையத்தைப் பல சாளரங்களாகப் பிரிக்கும் நிரல் ஒன்று நடுவே ஓடிக்கொண்டிருந்தாலும் முதற்கட்டம் போகாது. அத்தகைய நிரல்களுள் மிகவும் பரவியது 1-ஆம் குறியைத் தனக்கு இடப்பட்ட ஆணையாகக் கொள்கிறது. அப்போது திரை காரணமின்றிச் சாளரம் மாறுவதைக் காணலாம். அந்நிரலை விட்டு வெளியேறிய பின் ஏற்றுவதே எளிய வழி.

1,536 பைட் சென்று நின்றால் 12 கட்டங்கள் முடிந்து 13-ஆவது தடைப்பட்டது என்று பொருள். 13 என்பது வண்டி திரும்பும் குறி; வழியில் ஏதோ ஒரு நிரல் அதன்பின் 0-ஐச் சேர்க்கிறது, அல்லது அதை 10 ஆக மாற்றுகிறது. 1,920 பைட்டில் நின்றால் 16-ஆவது கட்டம். பொட்டல வலையின் விடுபடு குறி விழித்துக்கொண்டது. மிகவும் சாதாரணமாகக் காணப்பட்டது 2,048 பைட்டில் நிற்பதே. 17-ஆம் குறியை ‘அனுப்பு’ என்ற ஆணையாக ஏற்று விழுங்கும் ஓட்டக் கட்டுப்பாடு எங்கோ இயங்குகிறது என்று அப்போது உறுதியாகக் கூறலாம். அதை மோடத்திலும், தகவல் தொடர்பு நிரலிலும், பெரிய கணிப்பொறியின் முனைய அமைப்பிலும் ஆக மூன்று இடங்களில் தேட வேண்டும். ஓரிடத்தில் நீக்கிவிட்டு மற்ற இரண்டை மறப்பவர் பலர். 3,584 பைட்டில் நின்று, டெல்நெட் தன் ஆணை வரியைக் காட்டினால், 29-ஆவது கட்டம் விடுபடு குறியைத் தொட்டது. டெல்நெட்டில் அந்தக் குறியை முன்னதாகவே நீக்கிவிட இடமுண்டு.

கடைசியாக, 32,512 பைட் வரை குறையின்றிச் சென்று நிற்கும் விசித்திரத்தையும் காண நேரிடலாம். 254 கட்டங்களுக்குப் பின் எண் 255 ஆகிறது. நிரப்பெண் 0 ஆகிறது. வழியிலுள்ள டெல்நெட் நிரல் 255-ஐ இரட்டிக்கத் தவறினால், மறுமுனை அதையும் அடுத்து வரும் 0-ஐயும் சேர்த்து ஏதோ புரியாத ஆணை என்று தள்ளிவிடும். சிறிய கோப்புகள் யாவும் ஏறின, பெரியவை மட்டும் ஏறவில்லை என்ற புகாருக்கு நீளமே காரணமென்று எண்ணப்பட்டது. ஆனால் கோளாறு ஒரே ஒரு பைட்டில் இருக்கக்கூடும்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்பது வேறு வகை நோய். தொலைபேசிக் கம்பியின் இரைச்சல் அதற்கு ஒரு காரணம். மற்றொன்று பெருக்கெடுப்பு. சிறு கணிப்பொறி மோடத்துக்கு வினாடிக்கு 38,400 பிட் வேகத்தில் கொடுக்க, மோடமோ கம்பியில் 14,400 பிட் வேகத்திலேயே அனுப்பினால், மோடத்தின் இடைச்சேமிப்பு நிரம்பி வழியும். இறக்கம் தடையின்றி நடக்கும். ஏற்றம் மட்டும் தோற்கும். 128 பைட் கட்டங்கள் தப்பிப் பிழைக்கும். நிறுத்தாமல் அனுப்பும் முறைகள் மாட்டிக்கொள்ளும். தனிக் கம்பிகள் மூலம் இயங்கும் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை இரு பக்கமும் இயக்குவதே இதற்குத் தீர்வு.

நிற்காமலே கெடும் கோப்பு

ஏறிய கோப்பின் நீளத்தை மூலத்தின் நீளத்தோடு ஒப்பிடுவது ஒரு நிமிஷ வேலை. அதனால் அறியப்படுவது அதிகம். நீளம் 128-இன் மடங்காகக் கூடியிருந்தால் கவலையில்லை. 1,000 பைட் கோப்பு எக்ஸ்மோடத்தில் 1,024 ஆகும். இறுதியிலுள்ள 24 பைட்டும் 26 என்ற நிரப்பு. நீளம் ஒழுங்கின்றிக் கூடினாலும் குறைந்தாலும், வரிமுறிவுகள் மாற்றப்பட்டிருக்கின்றன. இது எழுத்துக் கோப்புக்கு நன்மை, எண்களை இருமவடிவில் வைத்த கோப்புக்கு நாசம். நீளம் சிறிதும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் வேறுபட்டால், எட்டாவது பிட் உரியப்பட்டதாகக் கொள்ளலாம். எல்லாவற்றிலும் அபாயமானது இதுவே. ஏனெனில் 200 என்ற அளவு 72 ஆகிவிட்டால், 72-உம் நம்பத்தக்க எண்ணாகவே தோன்றும். சரிபார்ப்பு ஏதுமற்ற வெறும் எழுத்தேற்றத்தில் இவ்விதக் கேடு நேருவது வழக்கம்.

சரிபார்ப்பு இருந்தாலும் அதன் வலிமை எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு பைட் கூட்டுத்தொகைக்கு 256 மதிப்புகளே உண்டு. தாறுமாறாகச் சிதைந்த கட்டங்களில் சராசரியாக 256-க்கு ஒன்று சரியானதுபோல் நுழைந்துவிடும். இரண்டு பைட்டுகள் இடம் மாறினால் கூட்டுத்தொகை அதை அறியவே அறியாது. பின்னர் வந்த 16 பிட் சுழற்சிச் சரிபார்ப்பு, தொடர்ந்து 16 பிட் வரை நீளும் எந்தச் சிதைவையும் தவறாமல் பிடித்துவிடும். ஆகவே சோதனைக்குப் பழைய முறையும், உண்மையான வேலைக்குப் புதிய முறையும் உகந்தவை. ஏற்றம் முடிந்தபின் இரு முனைகளிலும் ஒரே சரிபார்ப்பு ஆணையை இயக்கி எண்களை ஒப்பிடுவது, எந்த முறையில் ஏற்றியவருக்கும் தள்ளத்தகாதது.

கெர்மிட்டும் இஸட்மோடமும்

நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க் டா குரூஸ், பில் காட்சிங்ஸ் ஆகிய இருவரும் 1981-இல் கெர்மிட் முறையை உருவாக்கினர். பெயர் தொலைக்காட்சிப் பொம்மைத் தவளை ஒன்றினுடையது. அவர்களுடைய சித்தாந்தம், பாதையைத் திருத்த முயலாதே, பாதை அனுமதிப்பதை மட்டும் அனுப்பு என்பது. ஆணைக் குறி ஒவ்வொன்றும் # என்ற முன்னடையுடன் ஓர் அச்செழுத்தாக மாறுகிறது. 19 என்பது # என்றும் அதனுடன் 64-ஐக் கூட்டிய 83 என்றும் இரு எழுத்துக்களாகச் செல்லும். எட்டாவது பிட் போகாத பாதையில் & என்ற மற்றொரு முன்னடை சேரும். கட்டத்தின் நீளம், எண், சரிபார்ப்பு ஆகியவையும் 32 கூட்டப்பட்டு அச்செழுத்துக்களாகவே அனுப்பப்படும். கட்டத்தின் தொடக்கத்தில் வரும் 1-ஆம் குறியும் முடிவில் வரும் 13-ஆம் குறியும் மட்டுமே விதிவிலக்கு. அவற்றையும் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். நீளத்தை ஓர் அச்செழுத்தில் குறிப்பதனால் மூலமுறையில் அது 94-க்கு மேல் போகாது. உள்வரிசை குறுகிய கணிப்பொறிகளுக்கு அது பொருத்தமாகவே அமைந்தது.

இதற்குரிய விலையையும் கணக்கிடலாம். எல்லா மதிப்புகளும் சமமாக வரும் கோப்பில், 7 பிட் பாதையில் நூறு பைட்டுக்கு ஏறத்தாழ 177 எழுத்துக்கள் செல்லும். 8 பிட் பாதையில் 127 போதும். கெர்மிட் மந்தமானது என்ற அபவாதம் நெடுங்காலம் நிலவியது. அது முற்றும் நியாயமன்று. பிற்காலத்தில் அதில் நீண்ட கட்டங்களும், பதிலுக்குக் காத்திராமல் 31 கட்டம் வரை முன்னதாக அனுப்பும் வசதியும் சேர்ந்தன. ஆனால் தொடக்க அமைப்பு மிகவும் ஜாக்கிரதையாக வைக்கப்பட்டிருந்ததால், அவ்வசதிகளைத் தேடி இயக்கியவர் குறைவு.

காத்திருத்தலின் விலை செயற்கைக்கோள் வழி இணைப்பில் மிகத் தெளிவாகப் புலப்படும். புவிநிலைக் கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கட்டம் போய்ச் சேர்ந்து பதில் திரும்புவதற்கு அத்தூரத்தை நான்கு முறை கடக்க வேண்டும். ஒளியின் வேகத்திலும் அதற்குச் சுமார் 0.48 வினாடி ஆகும். வினாடிக்கு 9,600 பிட் இணைப்பில் எக்ஸ்மோடக் கட்டம் ஒன்றை அனுப்ப 0.14 வினாடியே தேவை. 800 கட்டங்கள் கொண்ட 1,02,400 பைட் கோப்பு இரண்டு நிமிஷங்களுக்குள் போயிருக்க வேண்டும். போவதோ எட்டு நிமிஷங்களுக்கு மேல். எஞ்சிய நேரமெல்லாம் கம்பி வெறுமையாகக் கிடக்கிறது. இதோடு, கட்டத்தின் நடுவே ஒரு வினாடி இடைவெளி நேர்ந்தாலும் எக்ஸ்மோடம் பொறுமையிழந்து மறுப்பு அனுப்பிவிடும். பொட்டல வலையில் அத்தகைய இடைவெளி சகஜம்.

சக் ஃபோர்ஸ்பர்க் 1986-இல் வகுத்த இஸட்மோடம் இந்தக் காத்திருத்தலை ஒழித்தது. அது கோப்பை ஆற்றொழுக்காக அனுப்பிக்கொண்டே செல்லும். பிழை நேர்ந்தால் மட்டும் பெறுவோர், ‘இத்தனையாவது பைட்டிலிருந்து மீண்டும்’ என்று கேட்பார். தொடர்பு அறுந்தாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது கட்டணம் செலுத்துவோருக்குப் பெரும் ஆறுதல். பெரிய கணிப்பொறியில் பெறும் நிரலை இயக்கியதும் இரண்டு நட்சத்திரங்களும் தொடர்ந்து ஓர் எழுத்தும் எண்களும் திரையில் தோன்றி அசைவற்று நின்றால், அது கோளாறு அன்று. சிறு கணிப்பொறியின் நிரல் அந்த அழைப்பை உணராமல் இருக்கிறது, ஏற்றத்தைக் கையால் தொடங்க வேண்டும் என்பதே பொருள். மறைக்கத் தெரியாத ஒரு பலவீனமும் இதற்கு உண்டு. 16, 17, 19, 24 போன்ற சில குறிகளை மட்டுமே அது முன்னடையிட்டு மாற்றுகிறது. 29-உம் 255-உம் அப்படியே செல்கின்றன. டெல்நெட் நடுவே இருக்கும்போது எல்லா ஆணைக் குறிகளையும் மாற்றச் சொல்லும் விருப்பத்தேர்வை இயக்குவது 29-க்குப் போதும். 255-க்கோ, 7 பிட் பாதைக்கோ அதுவும் உதவாது. அங்கே கெர்மிட்டே கதி.

இரண்டு நிரல்களும் இல்லாத கணிப்பொறியில், மேரி ஆன் ஹார்ட்டன் 1980-இல் எழுதிய யூயூஎன்கோடு முறையில் கோப்பை அச்செழுத்துக்களாக மாற்றித் தட்டச்சு போலவே அனுப்பலாம். 3 பைட்டுகள் 4 எழுத்துக்களாகும். 45 பைட்டுக்கு ஒரு வரி. வெற்றிடக் குறி வழியில் உதிர்ந்துவிடும் என்பதால் அதற்குப் பதிலாக 96-ஆம் குறியை வைக்கும் நிரலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வரிக்கு வரி சிறிது இடைவெளி விடும்படி அனுப்பும் நிரலை அமைக்காவிட்டால் உள்வரிசை நிரம்பும். பிழை திருத்தம் இதில் கிடையாது.

1995-இல் பின்லாந்தில் தோன்றிய எஸ்எஸ்ஹெச் முறையும் அதனுடன் வந்த கோப்பு மாற்று நிரல்களும் முனையத்துக்கும் கோப்புக்கும் தனித்தனிப் பாதை அளித்தபின், இத்தொல்லைகள் பெரும்பாலும் மறைந்தன. கொலம்பியா பல்கலைக்கழகம் 2011-இல் கெர்மிட் திட்டத்தை முடித்து, அதன் நிரல்களை அனைவரும் உபயோகிக்கத் தந்துவிட்டது. ஆயினும் வலைப்பின்னல் சாதனங்களின் அடிப்படை நிரல் கெட்டுப்போகும்போது, இணையம் இல்லாத நிலையில் அவற்றுக்குப் புதிய நிரலை ஊட்டுவதற்குத் தொடர்முனையக் கம்பியும் எக்ஸ்மோடமும் இன்றும் பயன்படுகின்றன. யூ-பூட் போன்ற துவக்க நிரல்களில் எக்ஸ்மோடம், கெர்மிட் ஆகிய இரண்டுக்கும் ஆணைகள் உள்ளன. அங்கும் ஏற்றம் 2,048 பைட்டில் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது சிறு கணிப்பொறியிலுள்ள முனைய நிரலின் ஓட்டக் கட்டுப்பாட்டையே.